கரண்ட் போன நேரத்துக் கன்னடம்

செப். 4, வியாழன்

காலையில் மேகம். பத்து மணிக்குள் கலைந்துவிட்டது. பிறகு வெயில்.

மாவுக்கட்டு போட்டுப் பதினாறாவது நாள். இடது கணுக்கால், இரண்டு இடத்தில் முறிவு. பாளையம்பட்டி வளைவில் ரோட்டோரம் ஜல்லி கொட்டி வைத்த புண்ணியவான் யாரோ. ஸ்கூட்டர் இன்னும் மெக்கானிக்கிடம்.

கட்டுப் பிரிக்க 30ஆம் தேதி ஆகும். அதுவரை இந்த வீடு. என் மனைவி சரோஜாவின் அண்ணன் ரங்கசாமி வீடு, அருப்புக்கோட்டை. திருச்சுழியில் எங்கள் வாடகை வீடு மாடியில், பதினெட்டுப் படி. ஆஸ்பத்திரியும் இங்கேதான். காரணமெல்லாம் சரி. ஆனால் கல்யாணமாகி இருபத்துமூன்று வருடத்தில் இந்த வீட்டில் நான் தங்கியதே இல்லை. அந்த வைராக்கியமும் போயிற்று.

எங்கள் கல்யாணத்துக்கு இங்கிருந்து ஒருவரும் வரவில்லை. என் அப்பா கூலி வேலைக்குப் போனவர். நான் எம்.ஏ., பி.எட். அது போதவில்லை, தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு. மகள் மீனா பிறந்த பிறகு பேச்சு வந்தது. தீபாவளி, காதுகுத்து. வந்தால் நாற்காலி, காப்பி, "வாங்க சார்". இன்று வரை சார்தான். என் மனைவியின் அண்ணன் என்னை முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் கூப்பிட்டதில்லை.

முன்னறையில் கட்டில். பின்பக்கம் கொட்டகையில் விசைத்தறி நான்கு. காலை ஏழுக்கு ஆரம்பித்தால் சாயங்காலம் வரை தடதடதட. வீட்டில் பேசுவதெல்லாம் அதற்கு மேலே கத்திப் பேசுவது.

அந்தக் கத்தல் கன்னடத்தில், இவர்கள் வீட்டுப் பாஷை. முன்னறைக்குள் கால் வைத்ததும் தமிழ். சுவிட்ச் போட்டது போல. வெளியாள் இருந்தால் அப்படித்தான், தலைமுறை தலைமுறையாக. "அது மருவாதிங்க" என்கிறாள் சரோஜா. இருபத்துமூன்று வருட மருவாதி.

கட்டுக்குள் அரிப்பு. ஸ்கேல் வாங்கிக் கொடுத்தாள் பத்மாக்கா (ரங்கசாமி மனைவி).


செப். 5, வெள்ளி

ஆசிரியர் தினம். வாட்ஸ்அப்பில் பூங்கொத்துப் படம் பதினொன்று. ஒரு போன் இல்லை. த.ஆ. (தலைமையாசிரியர்) பள்ளிக் குழுவில் குரல்பதிவு போட்டிருக்கிறான். என்னைவிட ஆறு வருடம் இளையவன், நான் உட்கார வேண்டிய நாற்காலி. ஆங்கிலத்தில் பேசியிருக்கிறான். மூன்று பிழை. திருத்தி அனுப்பவில்லை. அனுப்பியிருக்கலாம்.

நான் த.ஆ. ஆகாததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று: "பயிற்சிகளில் ஒத்துழைப்பதில்லை." விருதுநகரில் ஒரு பயிற்சி. ஆங்கில ஆசிரியர்களுக்கு. பயிற்சி கொடுத்தது இருபத்தெட்டு வயதுப் பெண். இலக்கணத்தைத் தள்ளி வையுங்கள், புரிகிற மாதிரி பேசிக்கொண்டே இருங்கள், பிள்ளைகள் கேட்கட்டும், பேசச் சொல்லி விரட்டாதீர்கள், நேரம் வந்தால் தானாகப் பேசுவார்கள் என்றாள். எழுந்து நின்று அரைமணி நேரம் மறுத்தேன். கைதட்டல்கூடக் கிடைத்தது. மறுநாள் புகார்.

என் மாணவர்கள் வினைச்சொல் அட்டவணை ஒப்பிப்பார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு வெளிநாட்டுக்காரன் வழி கேட்டால் ஓடிவிடுவார்கள். அது வேறு விஷயம்.

படுத்துக் கிடப்பவனுக்கு வேறு வேலை இல்லை. அந்தப் பயிற்சிக்காரப் பெண் சொன்னது பொய்தானா என்று சோதித்துப் பார்க்கிறேன். இந்த வீட்டுக் கன்னடத்தில். பெங்களூர்க் கன்னடம் வேறு. இவர்களுடையதற்குப் புத்தகம் கிடையாது, எழுத்து கிடையாது, இவர்களுக்கே எழுதத் தெரியாது. எனவே ஏமாற்ற வழியில்லை.

விதிகள்:
1. யாரிடமும் அர்த்தம் கேட்பதில்லை.
2. எழுதி மனப்பாடம் செய்வதில்லை.
3. பேசுவதில்லை.
4. கண்முன் நடப்பதும் காதில் விழுவதும் சேர்ந்தால் மட்டும் எடுத்துக்கொள்வது.
5. யாருக்கும் தெரியக்கூடாது. சரோஜாவுக்கு முக்கியமாக.

ஐந்தாவதுதான் உண்மையான காரணம். சரோஜா இந்த வீட்டில் சிரிக்கிறாள். அடுப்படியில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. திருச்சுழியில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. என்ன சொல்லிச் சிரிக்கிறாள் என்று தெரிய வேண்டும். அதில் நான் இருக்கிறேனா என்று தெரிய வேண்டும். 30ஆம் தேதிக்குள்.


செப். 8, திங்கள்

எனக்கு வாத்தியார் கிடைத்துவிட்டார். தாரிணி, வயது மூன்று. ரங்கசாமியின் பேத்தி. அப்பா அம்மா திருப்பூரில் வேலை, பிள்ளை இங்கே.

தினமும் ஒன்பதே கால் மணிக்கு நாடகம். பால்வாடிக்குக் கிளம்ப வேண்டும். பத்மாக்கா பையைத் தூக்கிக்கொண்டு, "பா, ஓகோணா" என்கிறாள். உடனே இந்தப் பிள்ளை ஓடிவந்து என் கட்டில் காலைக் கட்டிக்கொள்கிறது. "நானு ஓகல்லா." "பா, ஓகோணா." "ஓகல்லா, ஓகல்லா." பத்து நிமிடம். பிறகு இழுத்துக்கொண்டு போகிறார்கள். பன்னிரண்டரைக்குச் சிரித்துக்கொண்டு வருகிறது.

வா, போகலாம். நான் போக மாட்டேன். நாலு நாளில் நாற்பது தடவை. அகராதி வேண்டியிருக்கவில்லை.

இந்த வீட்டில் எனக்காகத் தமிழுக்கு மாறாத ஒரே ஆள் அவள்தான். மாற வேண்டும் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. கட்டின் மேல் பொம்மையை நடத்திக்கொண்டு என்னிடம் என்னவோ சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நான் "ம்" போடுகிறேன்.

புரிந்தவை: தண்ணீர், சோறு, உட்கார், வேண்டாம், கொடு, விழுந்துவிட்டது, சும்மா இரு, நாய், இன்னும் கொஞ்சம்.

காலைக் காப்பியில் சர்க்கரை அதிகம். சொல்லவில்லை.


செப். 11, வியாழன்

காற்று. தூசி. கொடியில் போட்ட வேட்டி அடுத்த வீட்டில்.

தாரிணி பொம்மையின் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்மாக்கா வந்து, "ஏய் குட்டி, தாத்தாக்கு நம்ம பாச தெரியாதுல்ல? தமிழ்ல சொல்லு."

பிள்ளை என்னைப் பார்த்தது. பத்மாக்காவைப் பார்த்தது. "தாத்தங்கெ கொத்து" என்றது.

தாத்தாவுக்குத் தெரியும்.

பத்மாக்கா சிரித்தாள். "கேட்டீகளா சார், ஒங்களுக்குத் தெரியுமாம்ல." நானும் சிரித்து வைத்தேன். முகத்தில் ஏதாவது தெரிந்ததா என்று பயம். திருட வந்தவன் போல.

தாரிணியைத் தமிழுக்கு மாற்றிவிடாமல் இருக்க வேண்டுமே.


செப். 13, சனி

எதிர்பாராதது.

மூன்று வீடு தள்ளி ஒரு குடும்பத்தின் மருமகன் பாலவனத்தத்திலிருந்து வந்து பத்மாக்காவிடம் ஏதோ கொடுத்துவிட்டுப் போனான். அவனை இவர்கள் "அளியா" என்று சொன்னார்கள். இரண்டு மூன்று தடவை. சரி, மாப்பிள்ளை.

மத்தியானம் பாவு நூல் கொண்டுவந்த ஆள், கொட்டகை வாசலில் நின்று என் கட்டிலைக் காட்டி யாரென்று கேட்டான். ரங்கசாமி கன்னடத்தில் பதில் சொன்னார். வாக்கியத்தில் "அளியா" இருந்தது. "நம்ம" இருந்தது. கால், ஸ்கூட்டர், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தது.

நம்ம மாப்பிள்ளை.

சாயங்காலம் கவனித்தேன். பத்மாக்காவும் அப்படித்தான். அடுப்படியில் எனக்குத் தட்டு எடுக்கும்போது, அளியா. முன்னறைக்குத் தட்டு வந்ததும், "சாப்பிடுங்க சார்". தமிழில் சார், அந்தப் பக்கம் மாப்பிள்ளை. எத்தனை வருடமாகவோ.

இதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என் முகத்துக்கு நேராகச் சொல்லாத மரியாதை எனக்கு எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். அந்த வீம்பு நிற்கவில்லை. திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன், இன்று மட்டும் ஐந்து தடவை.

கல்யாணத்துக்கு வரவில்லை. அது மாறாது.


செப். 16, செவ்வாய்

மாதாந்திரப் பராமரிப்பு. ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது, ஐந்து மணிக்கு வந்தது. தறி நான்கும் நின்றன. வீடு இப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. தெருவில் போகும் சைக்கிள் சத்தம்கூடக் கேட்கிறது.

உள்ளே புழுக்கம். பத்மாக்காவும் சரோஜாவும் முறத்தோடு முன்னறை வாசலில், காற்றுக்காக. கடலை உடைத்தார்கள். நான் இருப்பதால் தமிழ். யார் வீட்டு விசேஷம், எவ்வளவு மொய் வராமல் போனது, அந்த மாதிரி. கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்சம் குறட்டை விட்டேன். இரண்டே நிமிடம், கன்னடம்.

முதலில் யாரையோ கேலி. சரோஜாவின் அந்தச் சிரிப்பு. நான் அதில் இல்லை. ஒரு பட்டுப்பாவாடை, ஒரு ஆடு, ஒரு பெரியம்மா இருந்தார்கள். நான் எங்கும் இல்லை. ஆறுதலாக இருந்ததா, என்னவோ.

பிறகு குரல் இறங்கியது. கேட்டது கேட்டபடி. புள்ளி வைத்த இடம் புரியவில்லை:

பத்மாக்கா: முப்பதாம் தேதி ... கட்டு ... அப்புறம் வீட்டுக்கா?
சரோஜா: அவரு ...
பத்மாக்கா: நீ?
(கடலை உடையும் சத்தம். நாலு, ஐந்து.)
சரோஜா: நானு ஓகல்லா.

முறத்தில் கை நிற்கவில்லை. கத்தவில்லை, அழவில்லை. கட்டில் காலை மட்டும்தான் கட்டிக்கொள்ளவில்லை.

பத்மாக்கா நிறையக் கேட்டாள். சரோஜா நிறையச் சொன்னாள். எனக்குக் கிடைத்தது: அந்த வீடு. மீனா பெங்களூர் போனதிலிருந்து. யாரிடம். பேச. சுவர். இரண்டு தடவை "சுவர்".

குறட்டை விட மறந்துவிட்டேன் போலிருக்கிறது. ஒருபக்கமாகத் திரும்பிப் படுத்தேன். உடனே தமிழ். "தண்ணி வேணுமாங்க?" என்றாள் சரோஜா.

வேண்டாம் என்றேன்.


செப். 17, புதன்

எதுவும் எழுதப் பிடிக்கவில்லை.

என்ன குறை வைத்தேன்? குடித்ததில்லை. கை நீட்டியதில்லை. சம்பளக் கவர் அப்படியே அவளிடம். மற்றவன் வீட்டில் நடப்பதெல்லாம் பார்த்திருக்கிறாளா?

ரங்கசாமி சொல்லிக் கொடுத்திருப்பார். இல்லை. பத்மாக்கா. இல்லை, அவள் கேட்டது அதிர்ந்துபோன குரலில்.

ஸ்கேல் கட்டுக்குள் விழுந்துவிட்டது. குறடு வைத்து எடுத்தார் ரங்கசாமி. "என்ன சார், ரொம்ப சொறியுதா?" ஆமாம் என்றேன்.

கேட்டுவிடலாம். கேட்டால் எப்படித் தெரியும் என்பாள்.


செப். 20, சனி

வெயில் குறையவே இல்லை. மானாவாரிக்காரர்கள் வானத்தைத் திட்டிக்கொண்டு போகிறார்கள் தெருவில்.

மீனா போன் செய்தாள், பெங்களூரிலிருந்து. வீடியோவில். முதலில் என் கட்டைக் காட்டச் சொன்னாள். பிறகு:

"அப்பா, இங்க ஆபீஸ்ல ஒரு கூத்து. எங்கம்மா கன்னடம் பேசுவாகன்னு சொல்லிட்டேன். அப்ப நீயும் பேசுன்னு ஒரே கலாட்டா. எனக்கு வாயே தொறக்கல. அம்மா பாச அம்மாகிட்டருந்து வரல, யூடியூப்ல படிக்கிறேன். யாரால, சொல்லுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சரோஜா போனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

யாரால். எழுதிவிடுகிறேன், இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்.

மீனாவுக்கு ஒன்றரை வயது. சரோஜா அவளைக் குளிப்பாட்டிக்கொண்டே கன்னடத்தில் கொஞ்சிக்கொண்டிருந்தாள். நான் வேலையிலிருந்து வந்து சொன்னேன்: இந்த வீட்டில் தமிழ், இங்கிலீஷ், இரண்டு போதும், மூன்றாவது வந்தால் பிள்ளை குழம்பிவிடும். ஆங்கில ஆசிரியன் சொல்கிறான், வேறு யார் மறுப்பது. சரோஜா "சரிங்க" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வார்த்தை கிடையாது. அண்ணனிடம் போனில் பேசினால்கூட நான் வந்ததும் தமிழ்.

பிள்ளை குழம்பும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்திருக்கவில்லை. அவர்கள் வீட்டுக்குள் என்னை விடாத பாஷை என் வீட்டுக்குள் எதற்கு என்பதுதான். அன்றைக்கே தெரியும் எனக்கு. அவளுக்கும் தெரிந்திருக்கும்.

சுவர் என்று அவள் சொன்னது என்னையா, சுவரையா என்று நாலு நாளாக யோசிக்கிறேன்.

மாத்திரை இரவுக்கு ஒன்று மட்டும். டாக்டர் குறைத்துவிட்டார்.


செப். 23, செவ்வாய்

பயிற்சிக்காரப் பெண் சொன்னது சரி. அவளுடைய பெயர்கூட நினைவில்லை. இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

நிலவரம், புரிகிற அளவு: தாரிணி பேசுவது முக்கால். பத்மாக்கா தாரிணியிடம் பேசுவது முக்காலுக்கு மேல். பத்மாக்காவும் சரோஜாவும் பேசுவது கால், சிலசமயம் அரை. ரங்கசாமி தறிக்காரர்களைத் திட்டுவது முழுதும்.

ஆனால் வாயில் ஒன்றும் வருவதில்லை. பாத்ரூமுக்குள் போய்ச் சொல்லிப் பார்த்தேன். கேட்கும்போது தெரிகிற வார்த்தை, சொல்லப் போனால் ஒளிந்துகொள்கிறது. இருபத்தாறு வருடம் இதற்குத்தான் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றினேன்.


செப். 26, வெள்ளி

மறுபடி கரண்ட் போனது. அரைமணி நேரம்தான். கொட்டகையில் ரங்கசாமியும் சரோஜாவும். ஜன்னல் வழியாக.

அவர் அவளைப் போகச் சொல்கிறார். அளியா பாவம் என்கிறார். கால் சரியாக, சமைக்க ஆள், இப்படி. நான் நினைத்ததற்கு நேர் எதிர். சரோஜா குரலை உயர்த்தி, வேகமாக ஒரு நீண்ட வாக்கியம் சொன்னாள். கிடைத்தது இவ்வளவு: "... அவரு நல்லவருதான் ... அதுக்கு ... என் வாயில ... துருப்பிடிச்சு ..."

ரங்கசாமி ஏதோ ஆரம்பிப்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

இந்த வீட்டில் எனக்காகப் பேசிய ஆள் அவர். இவரைப் போய் இருபத்துமூன்று வருடம்.

இப்போது நான் சொல்ல வேண்டியது என்ன? தமிழில் சொன்னால், அவள் "சரிங்க" என்பாள். கிளம்பி வந்தும் விடுவாள். அன்றைக்குச் சொன்ன அதே "சரிங்க". அது வேண்டாம்.


செப். 30, செவ்வாய்

மேகம். ஒரு பக்கம் தூறல், தெரு பாதி நனைந்தது.

காலை பத்து மணிக்குக் கட்டுப் பிரித்தார்கள். கால் வேறு யாருடையதோ போல, வெளுத்து, மெலிந்து. ஊன்றுகோல் இரண்டு வாரம். மாடிப்படி மெல்ல ஏறலாம். பதினோரு மணிக்கு ரங்கசாமி வீட்டுக்குத் திரும்பினோம்.

நாளை ஆயுத பூஜை. தறி நான்கையும் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வீடு நிசப்தம். வாசலில் திருச்சுழி போக ஆட்டோ. என் பை கட்டிலில், கட்டியிருந்தது. அவள் பை இல்லை. சரோஜா அடுப்படி நிலையில் கை துடைத்துக்கொண்டு நின்றாள். ரங்கசாமி கையில் எண்ணெய்த் துணி. பத்மாக்கா இடுப்பில் தாரிணி, இன்று பால்வாடி லீவு.

ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு சரோஜாவைப் பார்த்துச் சொன்னேன்.

"பா, ஓகோணா."

முதலில் தாரிணிதான். பால்வாடி என்று நினைத்து, "நானு ஓகல்லா" என்று பத்மாக்கா கழுத்தைக் கட்டிக்கொண்டது. பத்மாக்கா வெடித்துச் சிரித்தாள். "அய்யோ, தாரிணியக் கூப்புடுற மாரியே கூப்புடுறாகளே." ரங்கசாமி எண்ணெய்த் துணியோடு வாயைப் பொத்திக்கொண்டார். சரோஜா சிரிக்கவில்லை.

"எவ்வளவு நாளா?" என்றாள். தமிழில்.

"ஒரு மாசமா. கரண்ட் போனப்பவும் முழிச்சுதான் இருந்தேன்."

அவள் முகம் மாறிய விதத்தை எழுத முடியவில்லை. பிறகு பேச ஆரம்பித்தாள். கன்னடத்தில், மளமளவென்று, நிறுத்தாமல். கையை நீட்டி நீட்டி. பாதிதான் பிடிக்க முடிந்தது. அந்தப் பாதியில் வருகிறேன் என்பது இல்லை.

ரங்கசாமி குறுக்கே வந்தார். "சரோ, தமிழ்ல சொல்லு. அவுகளுக்கு எப்பிடி..."

"இருக்கட்டும், மச்சான்" என்றேன். "அப்பிடியே சொல்லட்டும்."

மச்சான் என்றது எனக்கே கேட்டது. அவர் துணியைக் கீழே வைத்துவிட்டார்.

சரோஜாவிடம் மெதுவாக இன்னொரு தடவை என்று கையால் காட்டினேன். அவள் மெதுவாகச் சொன்னாள், தாரிணிக்குச் சொல்வது போல, விரலால் ஒவ்வொன்றையும் காட்டி. அந்த வீட்டுக்கு நான் வர மாட்டேன். அங்கே என் வாய் செத்துப்போச்சு. இந்த அறை இருக்கிறது. இந்தக் கட்டில் இருக்கிறது. பஸ் இருக்கிறது. இருக்கிறதானால் இருங்கள். ஒரு தடவைதான் சொல்வேன்.

எல்லாம் புரிந்தது. ஒரு வார்த்தை விடாமல்.

என்னென்னவோ ஓடியது. ஸ்டாப் ரூமில் த.ஆ. சொல்லப்போவது: சார் இப்ப வீட்டோட மாப்பிள்ளையாம். என் ஊரில் என்ன சொல்வார்கள். மாடி வீட்டுச் சாவி என் சட்டைப் பையில்.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன், கால் வலித்தது. ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "வாரீகளா, நான் போகவா?" என்றார். மச்சான் வெளியே போய் அனுப்பிவிட்டார்.

சரோஜா அடுப்படிக்குப் போய்விட்டாள்.


அக். 1, புதன்

மழை இல்லை. பொரி, சந்தனம், தறிக்கெல்லாம் மாலை. என் ஊன்றுகோலுக்கும் பொட்டு வைத்துவிட்டாள் தாரிணி.

சரோஜா இன்னும் என்னிடம் பேசவில்லை. காப்பி மட்டும் வந்தது. சர்க்கரை அதிகம் என்று சொன்னேன். கன்னடத்தில்தான், தப்பும் தவறுமாக. டம்ளரை வாங்கிக்கொண்டு போய் வேறு கொண்டுவந்தாள்.

காலாண்டு விடுமுறை முடிந்து திங்கள் பள்ளி. திருச்சுழிக்கு இங்கிருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று பத்மாக்காவிடம் கேட்டேன். தமிழில்தான் வந்தது. பூஜைப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்காமலே கன்னடத்தில் பதில் சொன்னாள்.

ஆறே முக்கால்.